வந்துகினு இருக்கேன்

திருத்தணி பஜாரில் சேலைக் கடை வைத்திருந்த பரந்தாமனுக்கு வாயில் ஊறிப்போன வார்த்தை ஒன்று உண்டு. 'வந்துகினு இருக்கேன்.' ஆரணியிலிருந்தோ வாலாஜாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ எந்தக் கடைக்காரர் சரக்கு எங்கே என்று கேட்டாலும், மனுஷன் கடைக்குப் பின்னால் ஓடும் விசைத்தறிகளுக்கு நடுவே லுங்கியோடு உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டே, "தோ, கனகம்மாசத்திரம் தாண்டிட்டேன், வந்துகினு இருக்கேன்" என்பார். கனகம்மாசத்திரம் சென்னை ரோட்டில் இருக்கிறது; எந்தத் திசைக்காரர் கேட்டாலும் அந்தப் பேர்தான் வாயில் வரும். கேட்ட சேலை அப்போது தறியில் பாதிகூட ஏறியிருக்காது. பொய்தானே என்று மனைவி பிரேமா கேட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "இதுக்குப் பேரு பொய்யா? யாவாரத்துல இது மரியாதைடி" என்பார். கேட்கிற ஆளுக்கும் அது தெரியும். ஒன்றிரண்டு நாள் கழித்துச் சரக்கு போய்ச் சேர்ந்துவிடும். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

அவரே தன் வாயால் சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

மகள் மோகனப்ரியா சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பொங்கலுக்கு வந்தவள், அப்பா சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தும் போனை விடாமல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பாவம், அவளுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளே அவர் போனில் ஏதோ ஒன்றை ஏற்றிவிட்டாள். அவர் அதுவரை அனுப்பியிருந்த செய்திகளையெல்லாம் அது படித்துக்கொள்ளுமாம். இனி யார் என்ன கேட்டாலும் அவரைப் போலவே பதில் போடுமாம். போனை எடுக்காவிட்டால் அதற்கும் ஒரு சமாதானம் எழுதி அனுப்புமாம்.

"நீ கவலையே படாத நைனா. உன்ன மாதிரியே பேசும்" என்றாள்.

"என்ன மாதிரி இன்னாத்த பேசும், அது இன்னா என் வயித்துலயா பொறந்துச்சி?" என்று பரந்தாமன் சிரித்தார். பிறகு பரிசோதனைக்குக் கடைப்பையன் பெயரில் ஒரு செய்தி போட்டுப் பார்த்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள், 'ஆங் தம்பி, கெளம்பிட்டேன், வந்துகினு இருக்கேன்' என்று வந்தது. அடேயப்பா! பிரேமா விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்கே உடம்பு சிலிர்த்துப் போயிற்று.

அப்போது மோகனப்ரியா ஒரு கேள்வி கேட்டாள். "சொந்தக்காரங்களுக்கு வேணாம்ல? யார் யாருன்னு சொல்லு, எடுத்துடறேன்." பரந்தாமனும் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனார். நெசவுக்காரக் குடும்பத்தில் சொந்தம் எது, யாவாரம் எது? மச்சினனும் சேலை வாங்குகிறான், சகலையும் சேலை விற்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு தறி நூலறுந்து நின்றது. "எல்லாருக்கும் போட்டுத் தொல கண்ணு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினார். அந்த அப்புறம் வரவே இல்லை.

முதல் வாரம் அது என்ன எழுதுகிறது என்று ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார். அடுத்த வாரம் பாதியைப் பார்த்தார். தை முடிந்து மாசி பிறந்தபோது பார்ப்பதையே விட்டுவிட்டார். சாயங்காலமானால் பிரேமாவோடு உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டார். ஆரணிக் கடைக்காரர் ஒருவர், "இன்னா முதலியாரே, இப்பல்லாம் கேட்ட ஒடனே பதில் வருது!" என்று புகழ்ந்தபோது மீசையைத் தடவிக்கொண்டார்.

பொதட்டூர்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்த அக்கா ஞானம்மாளும் அந்தப் போனுக்குள் ஒரு பெயர்தான். தாய் இறந்தபிறகு பரந்தாமனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவளுக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. ஆனால் மகன் சக்திவேல் சொல்லிக்கொடுத்து, தினமும் காலையில் தம்பிக்கு ஒரு முருகன் படத்தை அனுப்பிவிடுவாள். அதற்குப் பதிலாக, 'வணக்கம்கா. சாப்டியா?' என்று தினமும் போய்க்கொண்டிருந்தது. பரந்தாமனுக்கு அது தெரியவே தெரியாது.

தெரிந்தது ஆடி பிறந்த பிறகுதான். அக்காவுக்கு இருதயம் கெட்டுப்போய்க் கால் இரண்டும் வீங்கியிருந்தது. பார்க்கப் போயிருந்தார். தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தவள், பக்கத்தில் இருந்த புருஷனிடம் பெருமையாகச் சொன்னாள்.

"பாருங்க, முன்னல்லாம் மாசத்துக்கு ஒரு தபா பேசறதே பெருசு. இப்ப தெனமும் சாப்டியா, சாப்டியான்னு கேக்கறான். கடுதாசி எழுதவே அழுவான், அவனுக்கு எத்தினி அக்கறை பாருங்க!"

பரந்தாமன் பாவா என்று கூப்பிடும் அத்தான் வேதாசலம் தலையாட்டினார். அது நான் இல்லைக்கா என்று சொல்லப் பரந்தாமன் வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. "ஆங், பின்ன இன்னா" என்று மட்டும் சொன்னார். சொன்ன மாத்திரத்தில் கூசிப்போய், பேச்சை மாற்ற, "ஒனக்குன்னு ஒரு சேலை தறியில ஏத்தியிருக்கேன்கா. அரக்கு ஒடம்பு, மஞ்சக் கரை. எழுந்து நடமாடு, கட்டிகினு மலைக்குப் போலாம்" என்றார்.

"கட்டிகினு போனாலும் சரி, போத்திகினு போனாலும் சரி" என்றாள் ஞானம்மாள், மூச்சு வாங்கிக்கொண்டே. "உன் தறியில நெய்ஞ்சதா இருக்கணும். கடையில வாங்கி எவனாவது போத்தினா நான் எழுந்து உக்காந்துக்குவேன், ஆமா."

"வாயக் கழுவுக்கா!" என்று அதட்டினார். ஆனால் அவள் கேட்டது நியாயம்தான். பெண்ணாய்ப் பிறந்தவள் போய்ச் சேர்ந்தால், பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அண்ணன் தம்பி கையால் அது மேலே விழுந்த பிறகுதான் எடுப்பார்கள். உனக்கும் ஒரு வீடு இருந்தது, நீ நாதியற்றவள் இல்லை என்று ஊருக்குச் சொல்கிற சேலை அது. ஞானம்மாளுக்குப் பிறந்த வீடு என்றால் இந்த ஒரு தம்பிதான்.

அன்றைக்கு வீடு திரும்பும் வழியிலேயே பரந்தாமன் மலையைப் பார்த்துக் கையெடுத்து வேண்டிக்கொண்டார். ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுக்கிறேன், அக்காவைக் காப்பாற்றிக் கொடு. அக்கா வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொன்னால், என் உடம்பு அவ்வளவு மோசமா என்று அவள் பயந்துவிடுவாள் அல்லவா?

கிருத்திகையன்று விடியலில் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டார். மகளும் வந்திருந்தாள். காவடி தூக்குகிறவன் இடுப்பில் போன் எதற்கு? கடை மேசைமேல் சார்ஜில் போட்டார். போட்டுவிட்டும் ஒரு நிமிஷம் தயங்கி நின்றார்.

"வா நைனா. அது பாத்துக்கும்" என்றாள் மோகனப்ரியா.

சரவணப் பொய்கையில் முழுக்குப் போட்டுவிட்டு, காவடியைத் தோளில் ஏற்றினார்கள். ஊர் கொள்ளாத ஜனம். படிக்கட்டில் வைத்த காலை எடுக்க முடியவில்லை. பம்பையும் அரோகராவும் காதை அடைத்தன. பிரேமா கையில் வைத்திருந்த போனிலும் மகளின் போனிலும் அத்தனை கூட்டத்தில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. பரந்தாமனுக்கு அதெல்லாம் எங்கே நினைப்பு? தோள் எரிந்தது, வெயில் உச்சந்தலையைப் பிளந்தது, வாய் மட்டும் "எங்கக்காவ விட்டுடு முருகா, விட்டுடு" என்று முனகிக்கொண்டே போனது. சந்நிதியில் நின்று மூலவரைக் கண்ணாரப் பார்த்தபோது உடம்பெல்லாம் ஆடிப்போய் அழுதுவிட்டார். கொடுத்துவிட்டான், காப்பாற்றிவிட்டான் என்றே நினைத்தார். இறங்கி வரும்போது அவர் முகத்தில் இருந்த தெளிவைப் பார்த்துப் பிரேமாவே, "அப்பாடா!" என்றாள்.

கீழே வந்து சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் இருவரும் கூட்டத்தில் பின்தங்கிவிட்டார்கள். பரந்தாமன் முதலில் வந்து கடையைத் திறந்து, தண்ணீர்ச் சொம்பை ஒரு கையில் எடுத்துக்கொண்டே இன்னொரு கையால் போனைத் திருப்பினார். சக்திவேல் பெயர் மேலேயே நின்றது.

காலையில் முதல் செய்தி. 'மாமா, அம்மாவுக்கு மூச்சு ரொம்ப வாங்குது. உன்னக் கேட்டுகினே இருக்காங்க. சீக்கிரம் வா.'

அதன் கீழே அவர் பதில். 'ஆங் தம்பி, பாத்துட்டேன். கெளம்பிட்டேன், வந்துகினு இருக்கேன்.'

'எங்க இருக்க மாமா?'

'கனகம்மாசத்திரம் தாண்டிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம்.'

பிறகு எடுக்காத அழைப்புகள். ஒவ்வொன்றுக்கும் கீழே, 'வண்டில இருக்கேன், அப்புறம் பேசறேன்.' பிறகு, 'மாமா, அம்மா போய்ட்டாங்க. கோடிச் சேலை எடுத்துகினு வா. நீ வந்தாதான் எடுக்கணும்னு அப்பா சொல்லிட்டாரு.'

'சேலை ரெடியா இருக்கு. கவலைப்படாத. வந்துகினு இருக்கேன்.'

பரந்தாமன் சொம்பை வைத்துவிட்டு மீதியைப் படித்தார். 'பொழுது போவுது மாமா. எல்லாரும் கேக்கறாங்க.' அதற்கு, 'டிராபிக் ஜாஸ்தி தம்பி. வழியிலதான் இருக்கேன்.' கடைசியாகச் சக்திவேல், 'போதும் மாமா. இனிமே நீ வராத' என்று போட்டிருந்தான். அதற்கும் பதில் போயிருந்தது. 'கோச்சிக்காத தம்பி. அடுத்த தபா லேட் ஆவாது.'

"ஐயோ அக்கா!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எழுந்து ஓடிவந்தார். பிரேமாவிடம் சொல்லிவிடச் சொல்லி, ஒரு சட்டையை மாட்டி, போனை அதன் பையில் போட்டுக்கொண்டு, தறியிலிருந்து அறுத்து மடித்து வைத்திருந்த அரக்குச் சேலையை மடியில் வைத்து, வண்டியை முடுக்கினார். திருவிழாக் கூட்டம் வழிவிட்டால்தானே? தெப்பம் பார்க்கப் போகிறவர்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். "செத்த வீட்டுக்குப் போறேங்க, வழி விடுங்க" என்று கெஞ்சிக்கொண்டே போனார். மஞ்சள் வேட்டியோடு வருகிறவன் செத்த வீடு என்று சொன்னால் எவன் நம்புவான்? சிரித்தவர்கள்கூட உண்டு.

பொதட்டூர்பேட்டை போய்ச் சேர்ந்தபோது தெருவில் விளக்குப் போட்டிருந்தார்கள். சுடுகாட்டுக்குப் போயிருந்த ஆண்கள் ஈர வேட்டியோடு திரும்பி வாசலில் நின்றார்கள். உள்ளே கழுவிவிட்ட தரையில் ஒரு அகல் எரிந்தது. பரந்தாமன் சேலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியேறினார். நெற்றியில் இன்னும் மலையில் பூசிய விபூதி இருந்தது.

வேதாசலம் நிமிர்ந்து பார்த்தார். "வந்துட்டியா?" என்றார். "கனகம்மாசத்திரத்துலேர்ந்து இப்பதான் வழி தெரிஞ்சிதா?"

"பாவா, நான் சொல்றத..."

"காலைலயே ஒரு ஆள அனுப்புடா திருத்தணிக்குன்னு சொன்னேன். இந்த சக்திதான், மாமா மெட்ராஸ் போயிருக்காரு போல, வந்துகினு இருக்காரு, வழியிலயே நேரா வருவாருன்னான். பதில் மேல பதில் போடறவன வேற எங்க போய்த் தேடறது? ஐஸ் பொட்டி வச்சி, வச்ச கண்ணு வாங்காம ரோட்டையே பாத்துகினு இருந்தோம்டா. ஊர் சனம் கேட்டுது, பொறந்த வூட்டுக் கோடி எங்கன்னு. கடைசில நானே கடையில ஒண்ண வாங்கியாந்து போத்தி அனுப்பினேன். என் பொண்டாட்டிக்கு நானே கோடி போட்டேன்!"

அந்த மனுஷர் இப்படிக் கத்தி யாரும் பார்த்ததில்லை. பரந்தாமன் அழுகையோடு நடந்ததைச் சொன்னார். மலை, காவடி, மேசைமேல் வைத்த போன், மகள் போட்டுக்கொடுத்தது, எல்லாவற்றையும் சொன்னார். வாசலில் நின்ற ஒருவர், "நல்லா இருக்குதே கதை! செஞ்ச தப்ப மிஷின் மேல போடறதா?" என்றார். "உன் நம்பர், உன் போட்டோ, உன் பேச்சு. மிஷினுக்கு எப்படித் தெரியும் கனகம்மாசத்திரம்?" என்றார் இன்னொருவர். சக்திவேல் சுவரில் சாய்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். அதுதான் பரந்தாமனைக் கொன்றது.

"டேய் சக்தி" என்றார். "இப்ப ஒண்ணு போடுடா. எங்க இருக்கன்னு கேளு. என் ரெண்டு கையையும் பாத்துகினே கேளு."

சக்திவேல் தயங்கினான். பிறகு போனை எடுத்து எழுதினான். பரந்தாமனின் சட்டைப் பையில் கிர்ரென்று ஒரு அதிர்வு. அவர் கைகள் இரண்டும் சேலையை ஏந்தியபடியேதான் இருந்தன. எல்லோரும் அந்தக் கைகளையே பார்த்தார்கள். அடுத்த மூச்சில் சக்திவேலின் போன் டிங்கென்றது. அவன் படித்தான். உரக்கத் திரும்பவும் படித்தான்.

"கனகம்மாசத்திரம் தாண்டிட்டேன் தம்பி. வந்துகினு இருக்கேன்."

கதை என்று சொன்ன ஆள் தலையைக் குனிந்துகொண்டார். சக்திவேல் போனைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, "மாமா" என்று அவர் தோளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். காவடி அழுத்திக் கன்றிய தோள் எரிந்தது. பரந்தாமனுக்கு அப்பாடா என்று இருந்தது, பொய் சொன்னவன் நான் இல்லை என்று தெரிந்துவிட்டதே. அந்த அப்பாடா ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

வேதாசலம் மெல்ல சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முகத்தில் இருந்த கோபமெல்லாம் வடிந்துபோய் வேறொன்று வந்திருந்தது.

"அப்போ காலைல அவளுக்குச் சொன்னது?" என்றார்.

"இன்னா பாவா?"

"காலைல அவளுக்கு நெனவு இருந்துச்சி. தம்பி வரானா, தம்பி வரானான்னு ஒரே கேள்வி. நீ போட்ட பதில இவன் அவ காதுல படிச்சான். அவ சிரிச்சா. எம் தம்பி வந்துகினு இருக்கான், கதவத் தொறந்து வையின்னா. அப்புறம் பேசல. கதவப் பாத்துகினே போய்ட்டா." அவர் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தார். "உம்மேல எவ்ளோ கோவம் இருந்தாலும், அவ உன் வார்த்தையக் கேட்டுட்டுத்தான் போனா, அது ஒண்ணு போதும்னு மனச ஆத்திகினு இருந்தேன். அதுவும் நீ இல்லியா?"

ஐயோ, குற்றவாளியாகவே நின்றிருக்கலாமே என்று பரந்தாமனுக்கு இருந்தது. ஊர் காறித் துப்பியிருக்கும், மருமகன் முகத்தில் விழிக்காமல் இருந்திருப்பான், இருந்துவிட்டுப் போகட்டுமே. அந்த மனுஷரிடம் மிச்சம் இருந்த ஒன்றையும் தன் நல்ல பேருக்காகப் பிடுங்கிவிட்டோமே! சட்டைப் பையில் இருந்த போன் சுட்டது.

வேதாசலம் விடவில்லை. சின்னக் குழந்தை கேட்பதுபோல் கேட்டார். "தெனமும் சாப்டியான்னு கேட்டியே, அது?"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பரந்தாமன் வாயைப் பார்த்தார்கள். சக்திவேல் அவர் தோளிலிருந்து தலையைத் தூக்கினான். தூக்கியவன் கண்ணில், வேண்டாம் மாமா என்ற கெஞ்சல் இருந்தது.

"அது நான்தான் பாவா" என்றார் பரந்தாமன்.

"நெசமாவா?"

"அக்கா மேல சத்தியமா. தெனமும் என் கையாலதான் போட்டேன்."

வேதாசலம் அவரையே வெகு நேரம் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, அந்தச் சாமிக்குத்தான் வெளிச்சம். "அப்பச் சரி" என்று சொல்லி, தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அகல் எரிந்த இடத்தைக் கையால் காட்டினார்.

பரந்தாமன் போய் அந்த ஈரத் தரையில் மண்டியிட்டார். அக்காவைக் கிடத்தியிருந்த இடம் அது. மடிப்புக் கலையாத அரக்குச் சேலையை உதறிப் பிரித்து, தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரைக்கும் ஆள் படுத்திருப்பது போலவே விரித்தார். மஞ்சள் கரை தரை ஈரத்தை உறிஞ்சிக் கருத்தது. ஓரத்தை இழுத்துவிட்டுச் சரிசெய்தார். பிறகு அங்கே இல்லாத காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"வந்துட்டேன்கா" என்றார்.